காலண்டர் தாளைத் தின்கிறேன்: இது இரத்தக் குறைவா, ஓசிடியா (எண்ணச் சுழற்சி நோயா)?

சிப்புட்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சிட்டு அப்புறமா பதில் எழுதுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

எனக்கு ஊர் மலேசியாவுல சுங்கை சிப்புட். அம்மா இன்னும் தோட்டத்து லயத்துலதான் (தொழிலாளர் வரிசை வீடு) இருக்காங்க. நான் கல்யாணமாகி டவுன் பக்கத்துல ஒரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வந்துட்டேன். காலையில மளிகைக்கடையில கல்லாவுல உட்காருவேன். பெரியவ தமிழ்ப்பள்ளியில ரெண்டாம் ஆண்டு. சின்னவன் இன்னும் தடிகாவுக்கு (பாலர்பள்ளி) போகல.

சின்னவன் வயித்துல இருந்தப்ப எனக்கு ஐஸ் பைத்தியம். கடையில தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் தேத்தண்ணி) வாங்கி, தேயை அவர் கிளாஸ்ல ஊத்திட்டு ஐஸை மட்டும் கடிச்சுத் திம்பேன். ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஐஸ்பெட்டியைத் திறந்து கடக்கு கடக்குன்னு கடிச்சா வீட்டுக்காரருக்குத் தூக்கம் போயிடும். பச்சரிசியும் உண்டு, சோத்துக்கு அரிசி களையறப்பவே பாதி வாய்க்குள்ள போயிடும். கிளினிக்ல இரத்தம் எடுத்துப் பாத்துட்டு இரும்புச்சத்து ரொம்பக் கம்மின்னு மாத்திரை குடுத்தாங்க. ஐஸ் ஆசை பட்டுன்னு நின்னு போச்சு. அரிசியும்தான். இப்ப ஐஸைப் பாத்தா பல்லு கூசுது. இதுவரைக்கும் கதை சரி.

அடுத்ததுதான் பிரச்சனை. ஹால்ல நாட்காட்டி தொங்குது, நகைக்கடையில குடுத்தது, மேல முருகன் படம், கீழ தினம் கிழிக்கிற தாள். நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம் எல்லாம் பொடி எழுத்துல இருக்குமே, அதேதான். கிழிச்ச தாளைக் குப்பையில போட எனக்கு எப்பவுமே மனசு வராது. சாமி அறை டிராயர்ல சேத்து வெச்சு, காஞ்ச பூவோட ஆத்துல விடுவேன். எங்கம்மாவும் அப்படித்தான் செய்வாங்க.

சின்னவன் கைக்குழந்தையா இருந்தப்ப ஒரு நாள் மாமியார் வீட்டைக் கூட்டுறேன்னு அந்தத் தாளையும் சேத்து வாரிக் குப்பையில போட்டுட்டாங்க. அன்னிக்கு ராத்திரி புள்ளைக்குக் காய்ச்சல் ஏறி இழுப்பு வந்துருச்சு. கண்ணு மேல சொருகி, வாயில நுரை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம், நல்லாயிட்டான். டாக்டர் சாதாரண காய்ச்சல் இழுப்புன்னுதான் சொன்னாரு. குப்பைக்கும் இழுப்புக்கும் சம்பந்தமில்லன்னு எனக்கும் தெரியும், படிச்ச பொண்ணுதான். ஆனா அன்னியிலிருந்து, தாள் எங்க கிடந்தாலும் யாராவது எடுத்துக் குப்பையில போட்டுடுவாங்கன்னு ஒரே எண்ணம். டிராயர்ல வெச்சா கரப்பான் அரிக்கும். ஆத்துல விட்டா கரை ஒதுங்கும். வயித்துக்குள்ள போயிட்டா யாரும் எடுக்க முடியாதுல்ல?

அப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல தேதி நம்பரை மட்டும் கிழிச்சு முழுங்குவேன், அப்புறம் மிச்சத்தை மடிச்சு மென்னு முழுங்குவேன். முழுங்குற நேரத்துல புள்ளை இருமினாலோ, யாராவது கூப்பிட்டாலோ அது 'கணக்குல வராது', இன்னொரு தாள் திங்கணும். இன்னொரு தாள்னா நாளைய தாள்தான். அதனால எங்க வீட்டு நாட்காட்டி எப்பவும் முந்திக்கிட்டு ஓடுது. மாமியார் மேல் தாளைப் பாத்துட்டு சஷ்டிக்கு முந்தின நாளே விரதம் இருந்துட்டாங்க. பாவம், மறுநாள் கோவிலுக்குப் போய்த்தான் அவங்களுக்குத் தெரிஞ்சுது. நான் ஒன்னும் தெரியாத மாதிரி நின்னேன்.

இப்ப அது நாட்காட்டியோட நிக்கல. பெரியவ பள்ளியிலிருந்து கொண்டு வர்ற கடிதத்துல அவ பேரு அச்சடிச்ச இடம், சின்னவனோட ஊசி புத்தகத்துல பேரு எழுதின ஓரம்... தேதியும் பேரும் இருக்குற எதைப் பாத்தாலும் கை துறுதுறுங்குது. ருசி கிடையாது. மை கசக்குது, மேல் ஓரத்துல பசை நாறுது. ஐஸ் கடிக்கிறப்ப இருந்த சுகம் இதுல துளிகூட இல்ல. தின்னு முடிச்சதும் ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.

திங்கக்கூடாததைத் தின்னா பைக்கான்னு ஒரு நோய், இரும்புச்சத்து மாத்திரை போட்டா நிக்கும்னு எங்கயோ படிச்சேன். பழைய மாத்திரை மிச்சம் இருந்துது, மறுபடி போட ஆரம்பிச்சேன். நிக்கல, மலச்சிக்கல்தான் மிச்சம். கூகிள்ல தேடினா ஓசிடின்னு வருது. ஓசிடின்னா கையைக் கையைக் கழுவுறதுதானே?

இது ரெண்டுல எது? தாள் வயித்துல தங்குமா? கிளினிக்ல சொன்னா தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்களா? வீட்டுக்காரர் விளையாட்டுக்குத்தான் அப்படிச் சொன்னாரு, ஆனா எனக்குத் தூக்கம் போச்சு. புள்ளைங்களை எங்கிட்ட இருந்து பிரிச்சுடுவாங்களா?


லயத்து ராணி எழுதியது:

அட இதுக்கெல்லாமா பயப்படுவாங்க! எங்க லயத்துல மழை விட்டதும் செம்மண் வாசம் வந்தா பாதிப் பொம்பளைங்க நாக்கு ஊறி நிப்பாங்க. எங்க பெரியம்மா அடுப்புக் கரி, எங்க சின்னம்மா திருநீறு. டப்பா டப்பாவா காலியாகும், பண்டாரம் வந்து கேட்டே போயிட்டாரு. எல்லாம் இரத்தக் கொறைவுதான்மா. கேழ்வரகு, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) கெராங் (சிப்பி) கெடைச்சா அதுவும் வாங்கிச் சாப்பிடுங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க.


வேல் துணை எழுதியது:

சகோதரி, இது தோஷம் சம்பந்தப்பட்டது மாதிரி தெரியுது. தாளைக் குப்பையில போட்டதுக்கு ஒரு பரிகாரம் செஞ்சுட்டா மனசு அடங்கிடும். கோவில்ல கேட்டுப் பாருங்க, பிள்ளை பேர்ல ஒரு அர்ச்சனை, கையில ஒரு கயிறு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குச் சரியாச்சு.


ஓய்வு டிரசர் எழுதியது:

மகளே, நான் தோட்ட ஆஸ்பத்திரிகளில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. ஆனால் மண் தின்றவர்களையும் கரி தின்றவர்களையும் இங்கே எழுதுகிற பலரைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரே கேள்வி. தின்னாமல் விட்டால் உங்களுக்கு என்ன ஆகும்? ஐஸ் கிடைக்காத நாளில் எரிச்சல் வந்திருக்கும், நாக்கு ஏங்கியிருக்கும். தாளைத் தின்னாத நாளில் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிடும் என்று வயிறு கலங்குகிறது. முன்னது ஆசை, பின்னது பயம். தின்கிற வாய் ஒன்றுதான், காரணம் இரண்டு. உங்கள் பதிவிலேயே அதைப் பிரித்து எழுதிவிட்டீர்கள், நீங்கள் கவனிக்கவில்லை.

ஆசையைப் பற்றி லயத்து ராணி சொன்னது சரி. ஆயக்கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கண்ணின் கீழ் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்போம். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் பழைய துணி மாதிரி வெளுத்துக் கிடக்கும், கடைவாயில் மண் காய்ந்து ஒட்டியிருக்கும். வெறுங்காலோடு நடக்கும்போது கொக்கிப்புழுவின் குஞ்சு தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். இரத்தத்தோடு இரும்பும் போகும், இரும்பு போனால் மண் ஆசை வரும், மண்ணைத் தின்றால் உருண்டைப்புழுவின் முட்டை வேறு உள்ளே போகும். புழு மாத்திரையும் இரும்பு மருந்தும் சேர்த்துக் கொடுப்போம், சில வாரங்களில் மண் பக்கமே திரும்பாத பிள்ளைகள் உண்டு. கர்ப்பிணிப் பெண்களுக்கு மண் ஆசை வருவது இன்று நேற்று வந்ததல்ல. சேர மன்னன் ஒருவனைப் பாடும்போது, அவன் நாட்டு மண்ணை மசக்கைப் பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிரப் பகைவரால் உண்ண முடியாது என்று புறநானூற்றின் 20ஆம் பாட்டு சொல்கிறது. புலவருக்கு ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கிற இரும்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) தெரியாது, ஆனால் பார்த்திருக்கிறார்.

ஐஸ் கடிக்கிற பழக்கம் இரும்புக் குறைவோடு நெருக்கமாக ஒட்டிக்கொண்டு வருவது. மருந்து தொடங்கினால், ஹீமோகுளோபின் ஏறி முடியும் முன்னாலேயே ஐஸ் ஆசை அடங்கிவிடுவது வழக்கம். உங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. அந்த மாத்திரை அதன் வேலையை முடித்துவிட்டது. நாட்காட்டிக்கு அது மருந்தில்லை.

ராணி, ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு மாறுபடுகிறேன். 'மாத்திரையை நிறுத்தாதீங்க' என்று பார்க்காமல் சொல்லக்கூடாது. நம் நாட்டில் தலசீமியா என்கிற பரம்பரை இரத்தக் கோளாறின் மரபணு உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும், முகம் வெளுக்கும், ஆனால் உடம்பில் இரும்பு குறையாமல் இருக்கலாம், சிலருக்குத் தேவைக்கு மேலேயே சேரும். அப்படி இரும்பு குறையாதவர்களுக்கு மாத்திரை கேடாகலாம். ஃபெரிட்டின் பார்த்த பிறகுதான் மாத்திரை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் இரும்புக் குறைவு, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. இன்னொன்று, சாப்பாட்டோடு தே ஓ குடிக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. தேயிலை, சாப்பாட்டில் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

இப்போது பயத்தின் பக்கம்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மனநோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது. அதில் பைக்கா, உணவு சம்பந்தமான கோளாறுகளின் அத்தியாயத்தில் இருக்கிறது. ஒரு மாதத்துக்குக் குறையாமல் உணவல்லாததைத் தின்பது, வயதுக்குப் பொருந்தாதது, ஊர் வழக்கமாக இல்லாதது, இப்படிச் சில அளவுகோல்கள். ஓசிடிக்குத் தனி அத்தியாயம். ஆட்டிசம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களிடம் பைக்கா அதிகம், அதைவிடக் குறைவாக ஓசிடி உள்ளவர்களிடமும் காணப்படும் என்று அதே நூல் சொல்கிறது. ஆக இரண்டும் ஒன்றல்ல, ஆனால் சில வீடுகளில் ஒன்றாகக் குடியிருக்கும். சில டாக்டர்கள் சிலவகைப் பைக்காவை ஓசிடியின் உறவுக்காரனாகவே பார்க்கிறார்கள். ஓசிடிக்குக் கொடுக்கிற மருந்தில் பைக்கா அடங்கிய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவை தனித்தனி ஆட்களின் கதைகள், பெரிய பரிசோதனைகள் அல்ல. அதனால் பைக்கா எல்லாமே ஓசிடிதான் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் கதையில் நான் பார்ப்பது இது. வேண்டாத எண்ணம் ஒன்று தானாக வருகிறது. அர்த்தமில்லை என்று உங்களுக்கே தெரிகிறது. அதை அடக்க ஒரு காரியம் செய்கிறீர்கள், அந்தக் காரியத்துக்கு விதிகள் முளைக்கின்றன. முதலில் தேதி, இருமினால் இன்னொன்று, 'கணக்கில் வராது'. இந்த விதிகள்தான் எனக்குப் பெரிய சாட்சி. மண் தின்கிறவள் விதி வைத்துத் தின்ன மாட்டாள். கை கழுவுகிறவர் தண்ணீரில் செய்வதை நீங்கள் வாயில் செய்கிறீர்கள். முடிவு சொல்ல வேண்டியது டாக்டர்தான், ஆனால் நான் எழுதிக் கொடுக்கிற துண்டுச் சீட்டாக இருந்தால் 'ஓசிடி இருக்கிறதா பார்க்கவும்' என்றுதான் எழுதியிருப்பேன். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் ஓசிடி புதிதாகத் தலைகாட்டுவது, இருந்தது கூடுவது, இரண்டும் நன்றாகத் தெரிந்த சங்கதிகள்.

காய்ச்சல் இழுப்பு ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை நூற்றில் இரண்டு முதல் ஐந்து பிள்ளைகளுக்கு வருவது. இதை உங்களுக்கு ஒரு தடவைதான் சொல்வேன். திரும்பக் கேட்டால் சொல்ல மாட்டேன். ஏன் என்றால், 'ஒன்னும் ஆகாதுமா' என்று நான் சொன்னால் இன்று ராத்திரி தூங்குவீர்கள், நாளைக்கு மறுபடி கேட்பீர்கள். அந்த ஆறுதலும் இன்னொரு தாள்தான். வேல் துணை தம்பி சொன்ன அர்ச்சனையும் அப்படித்தான். கோவிலுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை, நானும் போகிறவன். ஆனால் பயத்தை அடக்கப் பரிகாரம் செய்ய ஆரம்பித்தால், அர்ச்சனை நேரத்தில் யாராவது தும்மினால் அதுவும் கணக்கில் வராமல் போகும்.

தாள் விஷயம். தாள் நமக்குச் செரிக்காது. கொஞ்சமாகப் போனால் மலத்தோடு வெளியேறும். நிறையப் போய், கூடவே இரும்பு மாத்திரையால் மலச்சிக்கலும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ள வழி உண்டு. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் நின்றால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள். டாக்டர் சொல்லாமல் போடுகிற இரும்பு மாத்திரையை வைத்துவிட்டு முதலில் இரத்தம் எடுங்கள்.

தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் திறந்த ஆஸ்பத்திரி, நாம் இன்னும் அதைக் கேலிக்குத்தான் வைத்திருக்கிறோம். அங்கேயும் காலையில் வந்து டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி, மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு முதல் வாசல் அதுவும் இல்லை, உங்கள் ஊர் அரசாங்க கிளினிக்தான். கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கேயிருந்து சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) எழுதி ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், பக்கார் கிளினிக்கில் (நிபுணர் கிளினிக்) 5 வெள்ளி. பிள்ளையைப் பிரிப்பார்களா என்று கேட்டீர்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று தாளைத் தின்கிற தாயிடமிருந்து எதற்கப்பா பிள்ளையைப் பிரிக்க வேண்டும்?


கமலி அம்மா எழுதியது:

டிரசர் ஐயா, குறுக்கே வந்துட்டேன், மன்னிக்கணும். என் மகளுக்கு 11 வயசு. டிவி பாக்குறப்ப முடியைப் பிடுங்கி நுனியை வாயில வெச்சுக் கடிச்சுத் திங்குறா. உச்சியில காசு அளவுக்குச் சொட்டை. இதுவும் இரத்தக் குறைவா?


ஓய்வு டிரசர் எழுதியது:

அம்மா, முடி பிடுங்குவது ஓசிடியின் அத்தியாயத்திலேயே அதன் தம்பி மாதிரி வைத்திருக்கிற தனிக் கோளாறு. இரத்தமும் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. முடி செரிக்கவே செரிக்காது, வயிற்றில் பந்தாகத் திரளும். சிலருக்கு அதன் வால் சிறுகுடலுக்குள்ளேயே இறங்கும், அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். அவளுக்கு அடிக்கடி வயிற்று வலி, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்து போவது, வாந்தி, எடை குறைவது, இதில் எது இருந்தாலும் 'முடி தின்கிறாள்' என்பதை முதல் வாக்கியமாக டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு அதை மறைத்தால் வயிற்றுப் புண் மருந்தோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவளைத் திட்டாதீர்கள், அவள் வேண்டுமென்று செய்யவில்லை.


ஈப்போ மணி எழுதியது:

சிப்புட்காரி, எனக்கு ஓசிடி இருக்கு. தாள் இல்ல, கேஸ் தோங் (சிலிண்டர்). மூடிட்டேன்னு தெரியும், ஆனா காடியை (காரை) திருப்பிட்டு வந்து பாப்பேன். மூடியிருக்குன்னு பாத்துட்டுத் திரும்புனா, பாத்தப்ப கை பட்டுத் திறந்திருக்குமோன்னு இன்னொரு தடவை. வேலையில எச்சரிக்கைக் கடிதம் வர்ற அளவுக்குப் போச்சு.

டாக்டர் குடுத்தது செர்ட்ராலின். முக்கியமா ஒன்னு, இது தலைவலி மாத்திரை மாதிரி போட்டதும் கேக்காது. ஓசிடிக்கு எட்டுலருந்து பன்னெண்டு வாரம் வரைக்கும் பொறுத்துத்தான் பாக்கணும், டோஸும் மனச்சோர்வுக்குக் குடுக்குறதைவிடக் கூடுதலா தேவைப்படலாம். முதல்ல குமட்டல், வயித்தைக் கலக்கும். நிறையப் பேர் அந்த நேரத்துலதான் நிறுத்திடுறாங்க.

மருந்தைவிட எனக்கு உதவினது பயிற்சி. பயத்துக்கு நேரா நிக்கணும், ஆனா அதை அடக்குற காரியத்தைச் செய்யக்கூடாது. 1966ல லண்டன்ல விக்டர் மேயர்னு ஒரு உளவியலாளர் இந்த முறையைப் பத்தி எழுதினார், இன்னிக்கும் அதோட வழியிலதான் செய்யுறாங்க. எனக்கு எப்படின்னா, முதல்ல ஒரு பட்டியல். எது குறைஞ்ச பயம், எது உச்சி பயம்னு. அடியிலருந்து ஒன்னொன்னா ஏறணும். ஒரு தடவை மட்டும் பாத்துட்டு வெளிய வந்து காடியில உட்காரணும், அவ்வளவுதான். கை வேர்க்கும், நெஞ்சு அடிக்கும், வீடு எரியுற மாதிரி படம் ஓடும். பயிற்சி குடுத்த அம்மா பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு 'எரியலாம், எரியாமலும் போகலாம்'னுதான் சொல்வாங்க. எரியாதுன்னு ஒரு தடவைகூட சொன்னதில்ல, எனக்கு அப்ப அப்படி ஒரு கோவம் வந்துது. ஆனா பயம் ஏறி ஏறி, ஒரு இடத்துல நின்னு, தானா எறங்குச்சு. நான் எதுவும் செய்யாமலே எறங்கினதை அன்னிக்குத்தான் முதல்ல பாத்தேன்.

உங்களுக்கு என் கணிப்பு, பள்ளிக் கடிதத்துலதான் ஆரம்பிப்பாங்க, நாட்காட்டி கடைசியில வரும். ஆனா அவங்களோட சேர்ந்து செய்யுங்க. தனியா வீராப்பா நேரா உச்சிக்குப் போகாதீங்க.


சிப்புட்காரி எழுதியது:

டிரசர் ஐயா, மணி அண்ணே, ராணி அக்கா, எல்லாருக்கும் நன்றி. 'தின்னாம விட்டா என்ன ஆகும்'ங்கிற கேள்வியை வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன். அவர் ஒன்னும் பேசல, எழுந்து போய் எனக்கு ஒரு மைலோ கலக்கிக் கொண்டாந்தாரு. அப்புறம் ஒரு யோசனை சொன்னாரு, நாட்காட்டியையே எடுத்து அம்மா வீட்டுல குடுத்துடலாம், தேதிக்குப் போன் இருக்குல்ல, அப்படின்னு. செய்யலாமா?

இன்னொன்னு. கிளினிக்ல அநேகமா மலாய் டாக்டர்தான் இருப்பாங்க. எனக்கு மலாய் வரும், ஆனா இதை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நாட்காட்டின்னா என்ன, கிழிக்கிற தாள்னா என்ன, சந்திராஷ்டமம்னா என்னன்னு விளக்கிக்கிட்டே இருந்தா வெளிய நிக்கிற கூட்டம் அடிக்க வந்துடும்.


ஓய்வு டிரசர் எழுதியது:

உங்கள் வீட்டுக்காரர் நல்லவர். அவர் யோசனை வேண்டாம். நாட்காட்டியை மறைத்தால் பயம் வேறு தாளுக்குத் தாவும். ஊசிப் புத்தகத்துக்குத் தாவிவிட்டது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது தொங்குகிற இடத்திலேயே தொங்கட்டும், கிழிப்பதை மட்டும் இப்போதைக்கு அவர் செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஊசிப் புத்தகத்தை அவரிடம் கொடுத்து வையுங்கள். அது பிள்ளைக்கு வேண்டியது, அதற்குப் பயிற்சி எல்லாம் அப்புறம்.

டாக்டரிடம் சந்திராஷ்டமம் எல்லாம் வேண்டாம். உட்கார்ந்ததும் இதைச் சொல்லுங்கள்: 'சாயா மாக்கான் கெர்த்தாஸ் காலெண்டர், செபாப் தாகுட் அனாக் சாயா சாகிட். சாயா தாவ் தாக் மாசோக் ஆகால், தாப்பி தாக் போலே பெர்ஹெந்தி.' (என் பிள்ளைக்கு நோய் வந்துவிடுமோ என்ற பயத்தில் நாட்காட்டித் தாளைத் தின்கிறேன். அர்த்தமில்லை என்று தெரியும், ஆனால் நிறுத்த முடியவில்லை.) போதும். இதைக் கேட்ட எந்த டாக்டரும் அடுத்த கேள்வியை அவரே கேட்பார். பேச வராவிட்டால் தாளில் எழுதி நீட்டுங்கள் (அந்தத் தாளைத் தின்றுவிடாதீர்கள்). கூடவே மூன்று சங்கதி: முன்பு இரும்புக் குறைவு இருந்தது, இப்போது மாத்திரையை நீங்களாகவே போடுகிறீர்கள், மலச்சிக்கல். ஃபெரிட்டின் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் இரும்பு மறுபடி குறைந்திருந்தால் அதையும் சரி செய்ய வேண்டும். இரண்டு நோய் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் வரக்கூடாது என்று சட்டமில்லை. பால் கொடுக்கிறீர்களா, அடுத்த பிள்ளைக்கு எண்ணம் உண்டா என்பதையும் சொல்லுங்கள், மருந்தைத் தேர்ந்தெடுக்க அது வேண்டும்.

அதற்குள் தாங்க முடியாமல் போனால் சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) மனநல உதவி எண் இருக்கிறது, 15555. பேசுவதற்கு வெட்கப்படாதீர்கள்.


லயத்து ராணி எழுதியது:

ஐயா, நான் பொதுவா நல்லதுக்குத்தான் சொன்னேன். தலசீமியா இருக்கான்னு பாக்கணும்னு எனக்கு யாரும் சொன்னதே இல்ல. என் மக சின்னதுலருந்தே வெளுத்த மாதிரிதான் இருப்பா, அவளுக்கும் எடுத்துப் பாக்கச் சொல்லவா?


ஓய்வு டிரசர் எழுதியது:

கண்டிப்பாக. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் இரண்டையும் கேளுங்கள். தலசீமியாவுக்கு வேறு பரிசோதனை, தேவையென்றால் அவர்களே எழுதுவார்கள்.


சிப்புட்காரி எழுதியது:

வியாழக்கிழமை கடை லீவு போட்டிருக்கேன். வீட்டுக்காரரும் வர்றாரு. அந்த மலாய் வாக்கியத்தைப் போன்ல சேவ் பண்ணிட்டேன். மாமியாருக்கு இன்னும் சொல்லல, ஈப்போவுக்குத் தேதி கிடைச்சதும் அவரே சொல்றதா சொல்லியிருக்காரு.


ஈப்போ மணி எழுதியது:

நல்லது. ஈப்போவுக்குத் தேதி கிடைச்சா காலையிலேயே கிளம்பிடுங்க, பார்க்கிங் கிடைக்காது. ஐசியும் (அடையாள அட்டை) சூராட்டும் கையில இருக்கட்டும். கூட யாராவது வந்தா நல்லது, முதல் தடவை டாக்டர் நிறையக் கேள்வி கேப்பாங்க, பாதி மறந்து போகும். பத்துக் கேள்வி உள்ள ஒரு படிவம் இருக்கும், நாளைக்கு எவ்வளவு நேரம் இதுல போகுதுன்னு கேப்பாங்க. கொறைச்சுச் சொல்லாதீங்க, தாள் திங்கிற நேரத்தை மட்டும் சொல்லாம அதையே நெனச்சுக்கிட்டு இருக்குற நேரத்தையும் சேத்துச் சொல்லுங்க.